மொட்டை மாடிச் சூட்டுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

சென்னையில் மே மாதத்தில் மேல்மாடி வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரவு 9 மணி. கடற்காற்று வந்துவிட்டது, தெருவில் நின்றால் உடம்பு ஆறுகிறது. படியேறி வீட்டுக்குள் வந்தால் மின்விசிறி அனலைத்தான் கீழே தள்ளுகிறது. நாற்காலி போட்டு ஏறி, கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணியைத் தொட்டதுபோல் இருக்கும். சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. இந்தச் சூடு இன்னும் எங்கிருந்து வருகிறது?

பகலெல்லாம் வாங்கி வைத்த வெயிலைத் தளம் இரவில் இறக்குகிறது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரிதான். ஆனால் எவ்வளவு வாங்குகிறது, எத்தனை மணிக்கு இறக்குகிறது, மாலையில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றினால் எத்தனை டிகிரி குறையும், தண்ணீருக்குப் பதில் வெள்ளை பூசினால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டால் வாய்வார்த்தை போதாது. கணக்குப் போட்டாக வேண்டும். தளத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததைச் சமன்பாடாக எழுதி வைத்தால் அதற்கு ‘மாதிரி’ (மாடல்) என்று பெயர். அதைக் கணினியிடம் கொடுத்து, காலையிலிருந்து இரவு வரை சிறிது சிறிதாக நகர்த்திப் பார்ப்பது சிமுலேஷன். உலைச்சுவர், பேட்டரி, குளிர்பதனக் கிடங்கு என்று எதற்கும் இதே வழிதான். நாம் மொட்டை மாடியோடு நிற்போம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

எதை விடலாம், எதை விடக்கூடாது

முதலில் ஒரு டம்ளர் காபி. காபி முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். காபிக்கும் அறைக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதற்கு ஏற்ற வேகத்தில் சூடு வெளியேறும். 1701-ல் நியூட்டன் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். 30 டிகிரி அறையில் 80 டிகிரி காபி முதல் 5 நிமிடத்தில் 10 டிகிரி ஆறினால், 50 டிகிரிக்கு வந்த பிறகு அதே 5 நிமிடத்தில் 4 டிகிரிதான் ஆறும். ஆரம்பத்தில் வேகம், போகப்போக மந்தம்.

தளத்துக்கும் இப்படி ஒரே ஒரு வெப்பநிலை போதுமா? நண்பகலில் மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. அதே நேரத்தில் கீழே கூரை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஒரே தளத்துக்கு இரண்டு வெப்பநிலை. எப்போது ஒரே எண் போதும், எப்போது போதாது என்று சொல்ல ஒரு சோதனை உண்டு. பரப்பிலிருந்து காற்று சூட்டை எவ்வளவு சுலபமாக எடுத்துப் போகிறது, பொருளுக்குள் சூடு எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அது. பயோட் எண் என்பார்கள். காற்றுக்குச் சூடு போகும் கெழுவைத் தடிமனால் பெருக்கி, பொருளின் வெப்பக் கடத்துத்திறனால் வகுக்க வேண்டும். 0.1-க்குக் கீழே வந்தால் ஒரே வெப்பநிலை என்று துணிந்து எடுத்துக்கொள்ளலாம்.

காற்றின் கெழு 20, கடத்துத்திறன் இரும்புக்கு 50, கான்கிரீட்டுக்கு 1.6 என்று வைப்போம். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பு தோசைக்கல்லுக்கு 20 × 0.004 ÷ 50, அதாவது 0.0016. 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்துக்கு 20 × 0.12 ÷ 1.6, அதாவது 1.5. தோசைக்கல்லின் அடியும் மேலும் ஒரே சூட்டில் இருக்கும், தளம் அப்படி இருக்காது. தோசைக்கல்லிலும் நடுவுக்கும் ஓரத்துக்கும் இதைச் சொல்ல முடியாது. அங்கே மெல்லிய தகட்டின் வழியாக 15 சென்டிமீட்டர் போக வேண்டும், போகிற வழியெல்லாம் காற்றுக்கு இழப்பு வேறு. நடு முறுகி ஓரம் வெளுத்து வரும் தோசைக்குக் காரணம் அதுதான்.

ஆகவே தளத்தில் மேலிருந்து கீழாக வெப்பநிலை மாறுவதைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். பக்கவாட்டில் மாறுவதை விட்டுவிடலாம். கைப்பிடிச் சுவரின் ஓரத்தையும் தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் தவிர்த்துப் பார்த்தால், மாடியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரே வெயில். உள்ளே ஓடும் கம்பியையும் விட்டுவிடுவோம். விட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு விடை பிசகினால் முதலில் புரட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.

ஆறு அடுக்கு, ஆறு கணக்கு

12 சென்டிமீட்டர் தளத்தை 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள 6 அடுக்குகளாக மனதுக்குள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரை மட்டும் பார்ப்போம். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வெப்பநிலை, ஒரு கணக்கு. வந்ததில் போனதைக் கழித்தால் தங்கியது. வெப்பம் எங்கும் காணாமல் போகாது, புதிதாக முளைக்கவும் முளைக்காது. வெப்பக் கணக்கின் சமன்பாடு எத்தனை பெரிதாகத் தோன்றினாலும் அதற்குள் இருப்பது இந்த வரவு செலவுதான்.

கான்கிரீட்டுக்கு மூன்று எண்கள் வேண்டும். கலவைக்குக் கலவை இவை மாறும். நான் எடுத்துக்கொள்வது: கடத்துத்திறன் 1.6 வாட், அடர்த்தி கன மீட்டருக்கு 2300 கிலோ, தன் வெப்ப ஏற்புத்திறன் 880 ஜூல். கடைசி எண்ணுக்குப் பொருள், ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற 880 ஜூல் வேண்டும் என்பது. ஓர் அடுக்கின் எடை 46 கிலோ. அதை ஒரு டிகிரி ஏற்ற 46 × 880, அதாவது சுமார் 40,500 ஜூல் ஆகும். பக்கத்து அடுக்குகளுக்கிடையே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் வினாடிக்கு 1.6 ÷ 0.02, அதாவது 80 ஜூல் ஓடும். வினாடிக்கு ஒரு ஜூல் என்பதுதான் ஒரு வாட்.

இப்போது நடுவில் ஏதோ ஓர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்பநிலை 40. மேலே இருப்பது 50, கீழே இருப்பது 34. மேலிருந்து வருவது 10 × 80 = 800 வாட். கீழே போவது 6 × 80 = 480 வாட். மிச்சம் 320 வாட். 125 வினாடிக்கு இப்படியே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 40,000 ஜூல் சேர்ந்திருக்கும். அந்த அடுக்கை ஏறக்குறைய ஒரு டிகிரி ஏற்ற அது போதும். ஆக, 125 வினாடி கழித்து இந்த அடுக்கு 41 டிகிரி. சிமுலேஷன் எடுத்து வைக்கும் ஓர் அடி என்பது இவ்வளவுதான். இதை 6 அடுக்குக்கும் செய்து, புதிய எண்களை வைத்து அடுத்த 125 வினாடிக்குச் செய்து, அப்படியே போய்க்கொண்டிருந்தால் 691 அடியில் ஒரு நாள் முடிந்துவிடும். எக்செல்லில் ஒரு வரிசைக்கு 6 கட்டம், 691 வரிசை. ஒரு வரிசைக்கு எழுதி இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இந்த அடுக்கை மேலும் மேலும் மெல்லியதாக்கிக்கொண்டே போனால் கிடைப்பது பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியரின் வெப்பச் சமன்பாடு. ஓரிடத்தின் வெப்பநிலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அக்கம்பக்கத்துச் சராசரியை விட அது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, உயர்ந்திருக்கிறது என்பதே தீர்மானிக்கும். மேலே பார்த்ததிலும் அதுதான் நடந்தது. 50-க்கும் 34-க்கும் சராசரி 42. நம் அடுக்கு 40-ல் இருந்தது, ஆகவே ஏறியது. நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்வந்து, கிரெனோபிளில் நிர்வாகியாக இருந்தபோது ஃபூரியர் இந்த ஆராய்ச்சியைச் செய்தார். 1807-ல் பாரிசில் சமர்ப்பித்த கட்டுரையை லக்ராஞ்சு போன்ற பெரிய கணிதர்கள் ஏற்கவில்லை. 1822-ல்தான் அது புத்தகமாக முழுமையாக வெளிவந்தது. தினமும் ஏறி இறங்கும் வெயில் பூமிக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எவ்வளவு தாமதமாக இறங்குகிறது என்ற கேள்வியையும் அவர் எடுத்துக்கொண்டார். நம் கூரைக் கேள்வியும் அதே குடும்பம்தான். அந்த வழியில் கணக்கிட்டால், 12 சென்டிமீட்டர் கான்கிரீட்டின் வழியாகப் பகல் சூட்டின் உச்சம் இறங்கிவர ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ் போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். உச்சம் சற்றுத் தணிந்துதான் வரும், ஆனால் வரும் நேரம் நீங்கள் பாயை விரிக்கும் நேரம்.

மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் மட்டும் கணக்கு வேறு, ஏனென்றால் ஒரு பக்கத்தில் அண்டை அடுக்கு கிடையாது. மேலே வெயில். கோடை நண்பகலில் சதுர மீட்டருக்கு 900 வாட் என்று வைப்போம். பழைய சிமென்ட் பரப்பு அதில் 65 சதவீதத்தை உறிஞ்சினால் 585 வாட் வரவு. செலவில் இரண்டு. பரப்புக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை 20-ஆல் பெருக்கினால் காற்று எடுத்துப்போவது கிடைக்கும். வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாகப் போவது இன்னொன்று. அடியில் அறைக்காற்றும், கூரை பார்க்கும் சுவர், தரை, கட்டில், நாமும். இவற்றுக்கு எல்லை நிபந்தனைகள் என்று பெயர். காலை 6 மணிக்குத் தளம் எந்த வெப்பநிலையில் இருந்தது என்பது தொடக்க நிபந்தனை. இந்த இரண்டையும் கொடுக்காமல் சமன்பாடு மட்டும் இருந்தால் விடை வராது. என் அனுபவத்தில், சமன்பாட்டில் பிழை விடுகிறவர்கள் குறைவு. பிழை பெரும்பாலும் எல்லையில்தான் இருக்கும். காற்றின் அந்த 20 என்ற எண், காற்றடிக்கும் நாளில் 30 ஆகும், அசையாத நாளில் 10 ஆகும்.

அடி பெரிதானால்

125 வினாடி என்று ஏன் எடுத்தேன்? சுருக்கமாக 500 வினாடி என்று வைத்தால் நான்கில் ஒரு பங்கு வேலைதானே? முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது நானும் அப்படித்தான் வைத்தேன். இந்தப் பாடம் நேரில் பார்த்தால்தான் மனதில் நிற்கும். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வெயில், காற்று எதுவும் வேண்டாம். எல்லா அடுக்கும் 30 டிகிரி. ஒரே ஓர் அடுக்கு மட்டும் 40. என்ன நடக்க வேண்டும்? 40 மெதுவாக இறங்கி, பக்கத்தில் இருப்பவை சற்று ஏறி, கடைசியில் எல்லாம் சமமாக வேண்டும்.

125 வினாடி வைத்தால், ஒவ்வோர் அண்டைக்கும் இருக்கும் வித்தியாசத்தில் கால் பங்கு ஒரே அடியில் நகரும். அந்த 0.25-ஐ ஃபூரியர் எண் என்பார்கள். நம் சூடான அடுக்கு இரு பக்கமும் 2.5 டிகிரி கொடுத்து 35-க்கு வருகிறது. நியாயமாக இருக்கிறது. 250 வினாடி வைத்தால் ஃபூரியர் எண் 0.5. இரு பக்கமும் 5 கொடுத்து நேராக 30-க்கு வந்துவிடுகிறது. கொஞ்சம் அவசரம், ஆனாலும் சகித்துக்கொள்ளலாம்.

500 வினாடி வைத்தால் ஃபூரியர் எண் 1. இரு பக்கமும் பத்து பத்து டிகிரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, 40-ல் இருந்த அடுக்கு 20-க்கு விழுகிறது. பக்கத்தில் இருந்தவை 40 ஆகின்றன. சுற்றிலும் 30 இருக்கும்போது நடுவில் 20 எப்படி வரும்? அடுத்த அடியில் அதே அடுக்கு 60. அதற்கடுத்த அடியில் கழித்தல் 40. மூன்றே அடியில், அதாவது 25 நிமிடத்தில், மே மாதத்துச் சென்னைத் தளத்துக்குள் உறைபனி. இன்னும் பத்து அடி போனால் எண்கள் கட்டத்துக்குள் அடங்காது.

கணினி பிழை செய்யவில்லை. சொன்ன பெருக்கலைச் சரியாகத்தான் செய்தது. தவறு நம் அனுமானத்தில் இருக்கிறது. அடியின் தொடக்கத்தில் இருந்த வேகத்திலேயே அடி முடியும் வரை சூடு ஓடும் என்று வைத்தோம். உண்மையில் கொடுக்கக் கொடுக்க வித்தியாசம் குறையும், ஓட்டமும் குறையும். 500 வினாடிக்கு அதைக் கவனிக்காமல் விட்டதால், அடுக்கு தன்னிடம் இருந்ததைவிட அதிகம் கொடுத்துவிட்டது. ஃபூரியர் எண் 0.5-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி இதிலிருந்து வருகிறது. ஓர் அடுக்கு ஒரே அடியில் அண்டையின் சராசரியைத் தாண்டி விழக்கூடாது என்பதே அந்த விதியின் பொருள். பாடப்புத்தகங்கள் இதைச் சூத்திரமாக மட்டும் கொடுத்து நகர்ந்துவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

இந்த விதி கேட்கும் விலையும் அதிகம். துல்லியம் வேண்டும் என்று அடுக்கைப் பாதியாக்கி 1 சென்டிமீட்டர் என்று வைத்தால், நேர அடி கால் பங்காகக் குறைய வேண்டும். 250 வினாடி இருந்த உச்சவரம்பு 62-க்கு வந்துவிடும். அடுக்கு இரட்டிப்பு, அடிகள் நான்கு மடங்கு, மொத்தத்தில் 8 மடங்கு வேலை. நீளம், அகலம், உயரம் மூன்று திசையிலும் இப்படி வெட்டினால் 32 மடங்கு.

கணினி வருவதற்கு முன்பே மனிதர்கள் இதில் அடிபட்டிருக்கிறார்கள். 1910-ல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கையால் கணக்கிட ஒரு முறை சொன்னார். நேரத்தில் முன்னும் பின்னும் பார்க்கும் சமச்சீரான முறை. பார்க்க நம்முடையதைவிட துல்லியமானது. எவ்வளவு சிறிய அடி வைத்தாலும் அது கடைசியில் சிதறிவிடும் என்பது பிற்பாடுதான் நிரூபணமானது. 1928-ல் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி மூவரும் கட்டத்தின் அளவும் நேர அடியும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதை விளக்கி எழுதினார்கள்.

1947-ல் ஜான் கிராங்க், ஃபிலிஸ் நிக்கல்சன் இருவரும் கொண்டுவந்த வழி வேறு. அடியின் தொடக்கத்து வெப்பநிலையை மட்டும் நம்பாமல், முடிவில் வரப்போகும் வெப்பநிலையையும் சேர்த்துச் சராசரி எடுத்து ஓட்டத்தைக் கணக்கிடுவது. முடிவில் வருவது இன்னும் தெரியாதே? தெரியாதுதான். அதனால் 6 அடுக்குக்கும் 6 சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு சமன்பாட்டிலும் தானும் இரண்டு அண்டையும் மட்டுமே வருவதால் தீர்ப்பது சுலபம். இதில் 500 வினாடி வைத்தாலும் சிதறாது. மிகப் பெரிய அடி வைத்தால் எண்கள் கொஞ்சம் மேலும் கீழும் ஆடும், ஆனால் வெடிக்காது. வெப்பக் கணக்குக்கான பெரிய மென்பொருள்களில் பெரும்பாலும் இந்த வகை முறைகள்தான் உள்ளே ஓடுகின்றன.

விடையை எப்படி நம்புவது

வண்ணவண்ணமான படம் திரையில் வந்துவிட்டால் மனது உடனே நம்பிவிடுகிறது. நம்பக்கூடாது. இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். கணக்கைச் சரியாகப் போட்டோமா? சரியான கணக்கைத்தான் போட்டோமா?

முதல் கேள்விக்கு வீட்டிலேயே பதில் தேடலாம். வெயிலையும் வானத்துக்குப் போகும் கதிர்வீச்சையும் அணைத்துவிட்டு, மேலும் கீழும் 30 டிகிரி காற்று வைத்து ஓடவிடுங்கள். தளம் 30-க்கு வந்து நிற்க வேண்டும், 30.4-ல் நின்றால் எங்கோ ஓட்டை. மேல்பரப்பை 60-லும் அடிப்பரப்பை 30-லும் பிடித்து வைத்து நெடுநேரம் ஓட்டினால் நடுவில் வெப்பநிலை நேர்கோடாக இறங்க வேண்டும். நாள் முழுவதும் உள்ளே வந்த வெப்பத்தையும் வெளியே போனதையும் கூட்டிக் கழித்தால், தளத்தில் தங்கியதோடு பொருந்த வேண்டும். பிறகு அடுக்கைப் பாதியாக்குங்கள். விடை 3 டிகிரி நகர்ந்தால் 6 அடுக்கு போதவில்லை. 0.1 டிகிரி நகர்ந்தால் போதும், நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விக்குக் கணினியில் பதில் கிடையாது. மாடிக்குத்தான் போக வேண்டும். கூரையின் அடியில் ஒரு வெப்பமானியை டேப் போட்டு ஒட்டி, மணிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டு, கணக்கின் வளைவோடு ஒப்பிட வேண்டும். உச்சம் வரும் நேரம் பொருந்தி, அளவு மட்டும் பொருந்தாவிட்டால் என் சந்தேகம் முதலில் வெயிலை உறிஞ்சும் அந்த 65 சதவீதத்தின் மேல் போகும். நேரமே பொருந்தாவிட்டால் தளத்தின் தடிமனையும் மேலே போட்டிருக்கும் ஜல்லியையும் திரும்பப் பார்ப்பேன்.

இப்போது தண்ணீரும் வெள்ளையும். வெள்ளை பூசினால் 65 சதவீதம் 30-க்கு இறங்குகிறது என்று வைப்போம். நண்பகல் வரவு 585 வாட்டிலிருந்து 270 ஆகிறது. கணக்கில் மாற்றியது ஒரே ஒரு எண், விளைவு பாதிக்கு மேல். ஆனால் புழுதி படிந்தால் அந்த எண் மெல்ல மேலே ஏறும், அதனால் வருடத்துக்கொரு முறை கழுவவோ மறுபடி பூசவோ வேண்டும்.

தண்ணீரின் கணக்கு எனக்கே வியப்பைத் தந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு சதுர மீட்டர் தளம் முழுவதையும், 6 அடுக்கையும் சேர்த்து, ஒரு டிகிரி இறக்க எடுக்க வேண்டியது சுமார் 2.4 லட்சம் ஜூல். ஆக, ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஆவியாகி, அந்தச் சூடு முழுவதையும் தளத்திலிருந்தே எடுத்தால், தளம் 10 டிகிரி இறங்கும். நடைமுறையில் ஒரு பகுதியைச் சுற்றுக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். குடம் குடமாக ஊற்றி மழைநீர்க் குழாயில் ஓடிப்போகும் தண்ணீர் இந்தக் கணக்கில் வரவே வராது. ஆவியாவது மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே வாளியைக் கவிழ்ப்பதைவிட தெளிப்பது மேல், பழைய சாக்கை நனைத்து விரிப்பது அதைவிட மேல்.

நேரமும் இருக்கிறது. மேலே ஏற்பட்ட குளிர்ச்சியும் அதே 12 சென்டிமீட்டரைக் கடந்துதான் கீழே வர வேண்டும். மாலை ஆறரைக்குத் தெளித்தால் அதன் முழுப் பலன் கூரையின் அடியில் தெரிய ஒன்பதரை ஆகிவிடும். பத்து மணிக்குப் படுப்பவர்களுக்கு அது சரியான நேரம். ஏழு மணிக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றால் நான்கு மணிக்கே தொடங்க வேண்டும், அப்போது வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருப்பதால் இரண்டாவது முறையும் தெளிக்க வேண்டிவரும்.

சென்னையில் மாலைக் கடற்காற்று ஈரத்தோடு வருவதால் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும். வேலூரிலோ திருச்சியிலோ வறண்ட காற்றில் அதே ஒரு லிட்டர் சீக்கிரம் போய்விடும். என் எக்செல் தாளில் மேல் அடுக்கின் செலவுப் பக்கத்தில் இதற்கு இன்னும் இடம் இல்லை. அடுத்துச் சேர்க்க வேண்டிய வரி, காற்றின் ஈரப்பதம்.